பெங்களூரிலிருந்து அமெரிக்கா செல்வோருக்கு: முதல் வேட்டை ரைஃபிளுக்குக் காலிபர் தேர்ந்தெடுக்கும் முறை

பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழர்களில் பலர் இரண்டு மூன்று ஆண்டுப் பணிக்காக டெக்சாஸ், கொலராடோ, பென்சில்வேனியா போன்ற அமெரிக்க மாநிலங்களுக்குச் செல்கிறார்கள். இலையுதிர் காலம் தொடங்கியதும் அங்குள்ள அலுவலகங்களில் மான் வேட்டைப் பேச்சும் தொடங்கிவிடும். உடன் பணிபுரிபவர் ஒருவர் தம் குடும்ப நிலத்துக்கு வரும்படி அழைப்பார். அழைப்பை ஏற்றுக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போனால் .17, .22, .223, .243, .270, .308, .30-06 என்று காலிபர் எண்களோடு, அதாவது குண்டின் விட்டத்தைக் குறிக்கும் எண்களோடு, அடுக்கடுக்காகத் தோட்டாப் பெட்டிகள் இருக்கும். எது எதற்கு என்பதைக் கடை முகப்பில் நின்றுகொண்டு அவசரமாகக் கற்க முடியாது. புறப்படும் முன்பே இங்கிருந்து நிதானமாகக் கற்றுக்கொண்டு போக வேண்டிய செய்தி அது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மான், பயிரழிக்கும் சிறுவிலங்கு ஆகிய இரண்டுக்கும் ஒரே ரைஃபிள் போதும் என்று நினைக்கும் புதியவருக்கு .243 வின்செஸ்டர் பொருத்தமானது. ஆனால் அந்த எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனால் பயனில்லை, ஏனெனில் ஒரே .243-இல் இடும் இருவகைக் குண்டுகளுள் ஒன்று மானை நொடிகளில் வீழ்த்தும், மற்றொன்று அதைக் காயத்தோடு காட்டுக்குள் ஓடவிடும். காலிபரின் பெயரைவிடக் குண்டின் அமைப்பே பெரிது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு கீழே உள்ள படிகளை வரிசையாகப் படிக்க வேண்டுகிறேன்.

முதல் படி: சட்டம்

இந்தியாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துவிட்டது. பன்னேருகட்டாவை ஒட்டிய ஊர்களிலும் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலும் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக்கூட உரிய அதிகாரியின் அனுமதியின்றிச் சுடுவது குற்றமாகும். ஆகவே இக்கட்டுரையில் வேட்டை என்று வரும் இடங்களிலெல்லாம், அது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட வெளிநாட்டு மாநிலங்களையே குறிக்கிறேன்.

அமெரிக்காவில் நம்மவர்கள் அறியாமல் சிக்கக்கூடிய ஒரு விதி உண்டு. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. இதற்கு உள்ள விதிவிலக்குகளில் நமக்குப் பயன்படுவது, ஏதேனும் ஒரு மாநிலம் முறையாக வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பதாகும். நண்பரின் ரைஃபிளைச் சுடுகளத்தில் சற்று நேரம் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் இந்தத் தடைக்குள் வரக்கூடும். சிறைத் தண்டனைக்குரிய குற்றம் இது, விசாவையும் பாதிக்கும். எனவே வேட்டை உரிமத்தை முதலில் வாங்குங்கள், துப்பாக்கியைத் தொடுவது அதற்குப் பிறகுதான். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

உரிமம் பெறப் பெரும்பாலான மாநிலங்களில் வேட்டைக் கல்வி வகுப்பை முடித்திருக்க வேண்டும். டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதன் பின்னரோ பிறந்த எல்லோருக்கும் இது பொருந்தும். பல மாநிலங்களில் பெரியவர்கள் இணையவழியே இதை முடித்துவிடலாம்.

அடுத்துக் காலிபரைப் பற்றிய விதிகள். இவை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. இவற்றில் வரும் அளவைகளின் விளக்கம் இரண்டாம் படியில் உள்ளது. கொலராடோவில் மானுக்குக் குறைந்தது .24 காலிபர் வேண்டும். குண்டு, உடலில் பட்டதும் முன்பக்கம் விரியும் வகையைச் சேர்ந்ததாகவும் 70 கிரெய்ன் எடைக்குக் குறையாததாகவும் இருக்க வேண்டும். 100 கெஜத்தில் அதன் ஆற்றல் 1,000 அடி-பவுண்டுக்குக் குறையக் கூடாது. வர்ஜீனியாவில் மானுக்கு .23 காலிபர் அல்லது அதற்கு மேல் என்பது விதி. டெக்சாஸில் அடிப்பக்கத்தின் மையத்தில் அடிபட்டு வெடிக்கும் (சென்டர்ஃபயர்) எந்தத் தோட்டாவும் செல்லும், ஆனால் .22 லாங் ரைஃபிள் போல அடிப்பக்கத்தின் விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் (ரிம்ஃபயர்) தோட்டாவால் மானைச் சுடக் கூடாது. ஓஹையோ இன்னும் வேறுபட்டது: அங்கே மானுக்கு ரைஃபிள் எடுப்பதானால் கழுத்துக் குறுகாத நேர்சுவர்த் தோட்டாவே அனுமதிக்கப்படுகிறது. அதனால் .243, .308 எதுவும் அங்கு மானுக்கு உதவாது, 2019-இல் வெளிவந்த.350 லெஜண்ட் போன்றவற்றையே தேட வேண்டும். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வகை வேட்டைக்கும் ஈயம் கலந்த குண்டுகள் தடை செய்யப்பட்டுள்ளன. உங்களுக்கு எந்த மாநிலத்தில் வேலை என்பது உறுதியானதும் அம்மாநில வனவிலங்குத் துறையின் அந்த ஆண்டுக் கையேட்டைப் படியுங்கள். விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால் நண்பரின் நினைவை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

நம்மவர்களில் சிலர் பணி நிமித்தம் இங்கிலாந்துக்கும் போகிறார்கள். அங்கே 1991-ஆம் ஆண்டின் மான் சட்டப்படி, மிகச் சிறிய இரு வகைகளைத் தவிர மற்ற மான்களுக்கு .240 அங்குலத்துக்குக் குறையாத காலிபரும் குழல் வாயில் 1,700 அடி-பவுண்டு ஆற்றலும் வேண்டும்.

இரண்டாம் படி: பெட்டியில் உள்ள எண்களைப் படித்தல்

காலிபர் என்பது தோராயமாகக் குண்டின் விட்டம். அங்குலத்திலோ மில்லிமீட்டரிலோ சொல்வார்கள். ஆனால் விட்டம் ஒன்றாக இருப்பதால் இரண்டு தோட்டாக்கள் ஒன்றாகிவிடுவதில்லை. .308 வின்செஸ்டர், .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு, .30-30 வின்செஸ்டர் ஆகிய மூன்றிலும் குண்டின் விட்டம் 0.308 அங்குலம்தான், ஆனால் குண்டையும் வெடிமருந்தையும் தாங்கும் உறையின் நீளமும் மருந்தின் அளவும் அழுத்தமும் வேறு வேறு. ஒன்றுக்கான ரைஃபிளில் மற்றொன்றைச் சுட முடியாது, சுட முயல்வதும் ஆபத்து. குழலின் மேல் பொறித்திருக்கும் முழுப் பெயரும் பெட்டியின் மேல் உள்ள முழுப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். .223 ரெமிங்டனும் ராணுவத்தின் 5.56 மி.மீ. தோட்டாவும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். எனினும் .223 என்று மட்டும் பொறித்த ரைஃபிளில் 5.56 தோட்டாவைச் சுடக் கூடாது.

குண்டின் எடையைக் கிரெய்னில் குறிப்பார்கள். 100 கிரெய்ன் என்பது சுமார் 6.5 கிராம். வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும், ஆற்றலை அடி-பவுண்டு என்றும் குறிப்பார்கள். 1 அடி-பவுண்டு ஏறக்குறைய 1.36 ஜூல். தொலைவு கெஜத்தில் வரும். 100 கெஜம் என்றால் 91 மீட்டர்.

மூன்றாம் படி: எந்த விலங்கு, எவ்வளவு தொலைவு

அமெரிக்காவில் பயிருக்கும் மந்தைக்கும் கேடு செய்யும் விலங்குகளை வார்மின்ட் என்பார்கள். அந்த ஒரே பெயருக்குள் பல விலங்குகள் அடங்கும். மேய்ச்சல் நிலத்தைக் குடைந்து வளைகளால் நிரப்பும் பிரெய்ரி டாக் ஒரு கிலோ அளவே இருக்கும். அது நாய் இனமன்று, நிலத்தில் வாழும் அணில் இனம். பென்சில்வேனியாவின் வயலோரங்களில் தோண்டும் கிரவுண்ட்ஹாக் நான்கைந்து கிலோ வரும். கன்றையும் ஆட்டுக்குட்டியையும் தூக்கும், ஓநாயை ஒத்த கொயோட்டி பத்து முதல் இருபது கிலோ. பிரெய்ரி டாக் எல்லாமே சுடத் தக்கவை என்று எண்ணிவிடக் கூடாது. யூட்டா மாநிலத்தில் மட்டும் வாழும் ஒரு வகை கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது.

இச்சிறுவிலங்குகளுக்கான தோட்டாக்களில் அடிநிலையில் இருப்பது .22 லாங் ரைஃபிள். 1887-இல் வந்த இது இன்றும் உலகின் மலிவான பயிற்சித் தோட்டா. ஐம்பது அறுபது கெஜத்துக்குள் சிறு விலங்குக்குப் போதும். 2002-இல் வந்த .17 எச்.எம்.ஆர். 17 கிரெய்ன், அதாவது 1.1 கிராம் எடையுள்ள குண்டை நொடிக்கு 2,550 அடி வேகத்தில் செலுத்தும். காற்றில்லாத நாளில் 150 கெஜம் வரை பிரெய்ரி டாகுக்கு உதவும், காற்றடித்தால் எளிதில் திசை மாறிவிடும். அதற்கு மேல் .223 ரெமிங்டன்: 55 கிரெய்ன் குண்டு நொடிக்கு 3,240 அடி வேகத்தில் புறப்படும், தோட்டா எங்கும் கிடைக்கும், உதைப்பு மிகக் குறைவு. சிறுவிலங்கு மட்டுமே உங்கள் நோக்கமானால் இதற்கு மேல் தேட வேண்டியதில்லை. .22-250 ரெமிங்டன் அதே 55 கிரெய்ன் குண்டை ஏறத்தாழ 3,680 அடி வேகத்தில் செலுத்துவதால் முந்நூறு கெஜத்துக்கு அப்பாலும் தட்டையாகப் பாயும். ஆனால் அதன் குழல் விரைவில் சூடேறும், விரைவில் தேயும். பிரெய்ரி டாக் களத்தில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் சுடுவது வழக்கம் என்பதால் இது சிறிய குறையன்று.

மானுக்கு வருவோம். வெள்ளைவால் மானின் எடை இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபடும். டெக்சாஸின் நடுப்பகுதி மலைநாட்டில் பெண்மான் நாற்பது கிலோ அளவில் இருக்கும். வட மாநிலங்களின் ஆண்மான் தொண்ணூறு கிலோவைத் தாண்டும். பெங்களூரிலிருந்து போகிறவருக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்றும் இங்கே உண்டு. பந்திப்பூரில் நாம் சாலையோரம் பார்க்கும் அதே புள்ளிமான் 1932-இல் டெக்சாஸில் விடப்பட்டு, இன்று அந்த மலைநாட்டில் கூட்டம் கூட்டமாகத் திரிகிறது. அயல் இனம் என்பதால் அங்கே அதற்குத் தனி வேட்டைப் பருவம் கிடையாது. உரிமமும் நில உரிமையாளரின் அனுமதியும் இருந்தால் ஆண்டு முழுவதும் வேட்டையாடலாம். இங்கே முழுப் பாதுகாப்பு, அங்கே உள்ளூர் மானின் தீவனத்துக்குப் போட்டி என்று ஒரே விலங்கின் நிலை எவ்வளவு மாறிவிடுகிறது பாருங்கள். தெற்கு டெக்சாஸில் நீல்காயும் உண்டு. இருநூறு கிலோவைத் தாண்டும், தோலும் எலும்பும் தடித்த அந்த விலங்குக்கு இக்கட்டுரையில் சொல்லும் சிறிய காலிபர்கள் போதவே போதா. அழைத்தவர் நீல்காய் என்று சொன்னால்.300 வின்செஸ்டர் மேக்னம் போன்றதை அவரிடமே கேட்டுப் பெறுங்கள்.

மானுக்கான தோட்டாக்களில் பழையது .30-30. 1895-இல் வந்தது, 150 கெஜத்துக்குட்பட்ட அடர்ந்த காட்டுக்கு இன்றும் ஏற்றது. 1906-இன் .30-06, 1925-இன் .270 வின்செஸ்டர், 1952-இன் .308 வின்செஸ்டர், 1980-இன் 7 மி.மீ.-08 ரெமிங்டன், 2007-இன் 6.5 கிரீட்மோர் ஆகிய எல்லாமே முந்நூறு கெஜம் வரை மானுக்குத் தாராளமாகப் போதும். இவற்றுள் எது மேல் என்று மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். மானின் பக்கம் நின்று பார்த்தால் இவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. இரண்டு உலகுக்கும் நடுவில் நிற்பது 1955-இல் வந்த .243 வின்செஸ்டர். .308-இன் உறையைக் கழுத்தில் குறுக்கி 6 மி.மீ. குண்டைப் பொருத்தியதால் உருவான இது, 58 கிரெய்ன் குண்டோடு கொயோட்டிக்கும் 100 கிரெய்ன் குண்டோடு மானுக்கும் பயன்படும்.

நான்காம் படி: குண்டின் அமைப்பு

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். சிறுவிலங்குக் குண்டும் மான் குண்டும் நேர் எதிரான நோக்கத்தோடு செய்யப்படுகின்றன. முன்னதன் செப்புறை மெல்லியது. உடலில் பட்ட கணமே அது நொறுங்க வேண்டும். ஒரு கிலோ விலங்கு உடனே இறக்கும், தரையில் பட்டாலும் குண்டு சிதறிவிடுவதால் தெறித்துப் போகும் ஆபத்து குறையும். ஹார்னடி நிறுவனத்தின் வி-மேக்ஸ் இத்தகையது. மான் குண்டின் உறையோ தடித்தது. அது தோலையும் விலாவையும் கடந்து, காளான்போல் முன்பக்கம் விரிந்து, எடையைப் பெரிதும் இழக்காமல் இதயத்தையும் நுரையீரலையும் ஊடுருவ வேண்டும்.

58 கிரெய்ன் வி-மேக்ஸ் குண்டு .243-இலிருந்து மிக வேகமாகப் பாய்வதைப் பார்த்து, இவ்வளவு வேகம் இருந்தால் மானையும் வீழ்த்திவிடுமே என்று புதியவருக்குத் தோன்றும். தோள்பட்டையில் பட்டால் அக்குண்டு தசையின் மேலடுக்கிலேயே நொறுங்கி, அகன்ற, ஆழமற்ற புண்ணை உண்டாக்கும். மான் ஓடிவிடும்; பல நாள் துன்பப்பட்டுச் சாகும். ஓர் உயிரை எடுக்கத் துணிந்தவர் அதை விரைவாகவும் வலியின்றியும் எடுக்கக் கடமைப்பட்டவர். அந்தக் கடமையை நிறைவேற்றும் முதல் இடம் தோட்டாப் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் இடம்தான்.

குண்டின் வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். 1946-இல் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்னும் பெருமானைச் சுட்டார். கையில் இருந்தது சக்தி மிகுந்த .300 மேக்னம் ரைஃபிள். எனினும் சேறு காய்ந்து படிந்திருந்த அதன் தோலிலும் தசையிலும் பட்ட குண்டுகள் ஆழமாக ஊடுருவாமல் உடைந்துபோயின. குறை காலிபரில் இல்லை, குண்டில் இருக்கிறது என்று கண்டுகொண்ட அவர், நடுவே செப்புத் தடுப்புச் சுவருள்ள குண்டை உருவாக்கினார்: முன்பாதி விரியும், சுவருக்குப் பின்னால் உள்ள பாதி சிதையாமல் உள்ளே போகும். நாஸ்லர் பார்ட்டிஷன் என்ற அந்தக் குண்டு இன்றும் விற்கப்படுகிறது. .243-ஐ மானுக்கு எடுப்பவருக்கு நான் பரிந்துரைப்பது இந்த வகைதான். 100 கிரெய்ன் ரெமிங்டன் கோர்-லாக்ட் விலையில் மலிவு, சாதாரண வெள்ளைவால் மானுக்கு அதுவும் போதும். ஈயத்துக்குத் தடையுள்ள இடங்களில் பார்ன்ஸ் டி.எஸ்.எக்ஸ். போன்ற முழுச் செப்புக் குண்டுகள் உள்ளன. சுட்ட இறைச்சியில் ஈயத் துகள் தங்கிவிடும் என்ற கவலை காரணமாக, தடையில்லாத இடங்களிலும் குழந்தைகள் உள்ள வீட்டார் பலர் செப்பையே விரும்புகிறார்கள். அதை நான் நியாயமான கவலையாகவே கருதுகிறேன்.

முழு உலோக உறையிட்ட பயிற்சிக் குண்டை மானுக்கு எடுத்துச் செல்லவே கூடாது. விரியாமல் ஊசிபோல் துளைத்துச் செல்லும் அது, பல மாநிலங்களில் வேட்டைக்குச் சட்ட விரோதமும்கூட.

ஐந்தாம் படி: குழலின் முறுக்கு

குழலின் உட்புறத்தில் வெட்டிய சுருள் வரிகள் குண்டைச் சுழலச் செய்கின்றன. பம்பரம் சுழலும்வரை நிமிர்ந்து நிற்பது போல, போதிய சுழற்சி உள்ள குண்டே முனை முன்னோக்கிப் பறக்கும். எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று என்பதை 1:10, 1:12 என்று குறிப்பார்கள். நீளமான குண்டுக்கு வேகமான முறுக்கு, அதாவது சிறிய இரண்டாம் எண் தேவை. கனமான குண்டு பொதுவாக நீளமானது. செப்பு ஈயத்தைவிட இலேசானது என்பதால், அதே எடையில் செப்புக் குண்டு இன்னும் நீளமாக இருக்கும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதை 1955-ஆம் ஆண்டே காட்டியது. அந்த ஆண்டில் வின்செஸ்டர் நிறுவனம் .243-ஐ 1:10 முறுக்கோடு வெளியிட்டது. ரெமிங்டன் நிறுவனம் அதே 6 மி.மீ. விட்டத்தில் .244 ரெமிங்டனை 1:12 முறுக்கோடு வெளியிட்டது. ரெமிங்டனார் அதைப் பெரும்பாலும் சிறுவிலங்குக்கான இலேசான குண்டை மனத்தில் கொண்டு செய்திருந்தார்கள். வேட்டைக்காரர்களோ ஒரே ரைஃபிளில் மானையும் சுட விரும்பினார்கள். 100 கிரெய்ன் கூர்முனைக் குண்டுகளை நிலையாகச் செலுத்த.244-இன் முறுக்குப் போதவில்லை. தோட்டாவின் உறை .243-இன் உறையைவிடச் சற்றுப் பெரியதாக இருந்தும் அது விற்பனையில் பின்தங்கியது. பிறகு முறுக்கை 1:9 ஆக்கி, 1963-இல் 6 மி.மீ. ரெமிங்டன் என்று பெயரையும் மாற்றினார்கள், அதற்குள்.243 நாடெங்கும் பரவிவிட்டிருந்தது. இரு நோக்கத் தோட்டாவின் வெற்றி தோல்வியை இரண்டு அங்குல வேறுபாடு தீர்மானித்தது.

ஆகவே பழைய ரைஃபிளை வாங்கும்போது முறுக்கைக் கேளுங்கள். .22-250 ரைஃபிள்கள் வழக்கமாக 1:14 முறுக்குடையவை. மானுக்கேற்ற கனமான குண்டுகள் அவற்றில் நிலையாகப் பறப்பதில்லை. அதனால், சட்டம் .22 காலிபரை அனுமதிக்கும் மாநிலத்திலும் அந்த ரைஃபிளை மானுக்கு எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். .223-இன் கதையும் ஏறத்தாழ இதுவே. நல்ல குண்டு, வேகமான முறுக்கு, குறுகிய தொலைவு, தேர்ந்த கை ஆகிய நான்கும் கூடினால் சிறிய மானுக்கு அது போதும் என்பது உண்மைதான், ஆனால் புதியவரிடம் அந்த நான்காவது இராது.

ஆறாம் படி: உதைப்பும் பயிற்சியும்

ஒரே எடையுள்ள ரைஃபிள்களில், .243-இன் உதைப்பு .30-06-இன் உதைப்பில் ஏறத்தாழ பாதிதான். இந்த வேறுபாடு தோள்வலியோடு நிற்பதில்லை. உதைப்புக்கு அஞ்சுபவர் விசையை அழுத்தும் கணத்தில் தம்மை அறியாமல் கண்ணை மூடிக் கையை இழுத்துவிடுவார். குண்டு வேறெங்கோ போகும். பெரிய காலிபரை எடுத்துத் தவறான இடத்தில் சுடுவதைவிட, சிறிய காலிபரால் சரியான இடத்தில் சுடுவது மானுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. .243 சற்றுக் குறைவு என்று தோன்றும் அளவுக்குப் பெரிய மான்கள் உள்ள மாநிலமானால் 7 மி.மீ.-08 அல்லது 6.5 கிரீட்மோருக்கு ஏறுங்கள்; .308-க்குப் போவதற்கு முன் ஒருமுறை பிறருடைய ரைஃபிளில் சுட்டுப் பாருங்கள், அதுவும் உரிமம் வந்த பிறகு.

பயிற்சியைப் பெங்களூரிலேயே தொடங்கலாம். 4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட .177 ஏர் ரைஃபிளுக்கு, 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. கர்நாடக மாநில ரைஃபிள் சங்கம் போன்ற அமைப்புகளும் நகரில் உள்ள தனியார் கூடங்களும் 10 மீட்டர் பயிற்சி அளிக்கின்றன. மூச்சை அடக்குதல், விசையைச் சீராக அழுத்துதல், சுட்ட பின்னும் இலக்கைப் பார்த்தபடி நிலைத்திருத்தல் ஆகிய மூன்றும் ஏர் ரைஃபிளுக்கும் வேட்டை ரைஃபிளுக்கும் பொது. ஆறு மாதம் இங்கே ஒழுங்காகப் பயின்றவர், அங்கே போய் முதல் நாளிலேயே பெரிய ரைஃபிளைப் பிடிப்பவரைவிட வெகுதூரம் முன்னால் இருப்பார். வேட்டை ரைஃபிளின் ஓசை காதை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது. பயிற்சியிலும் வேட்டையிலும் காதுக் கவசம் அணியாமல் ஒரு தோட்டாவும் சுடாதீர்கள்.

ஏழாம் படி: வாங்கிய பின்

ரைஃபிளை வாங்கியதும், நீங்கள் மானுக்கு எடுத்துச் செல்லப்போகும் அதே குண்டு, அதே எடை, அதே நிறுவனத்தின் தோட்டாவை வைத்துக் குறியைச் சரிசெய்யுங்கள். 58 கிரெய்னில் சரிசெய்த குறி 100 கிரெய்னுக்குப் பொருந்தாது. இரண்டு வேட்டைக்கும் ஒரே ரைஃபிள் என்றால், ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தாளில் சுட்டுச் சரிபார்க்க வேண்டும். .243-இன் 100 கிரெய்ன் குண்டை 200 கெஜத்தில் குறி வைத்தால், 100 கெஜத்தில் சுமார் ஒன்றரை அங்குலம் உயரமாகவும் 300 கெஜத்தில் ஏழெட்டு அங்குலம் தாழ்வாகவும் படும். குழல் வாயில் 1,945 அடி-பவுண்டாக இருந்த ஆற்றல் 300 கெஜத்தில் 1,090 அளவுக்கு இறங்கிவிடும். மானுக்கு 1,000 அடி-பவுண்டு வேண்டும் என்பது வேட்டைக்காரர்களின் பழைய அளவுகோல். ஆகவே இந்தத் தோட்டாவுக்கு அதுவே வெளி எல்லை. புதியவரின் எல்லை அதைவிடக் குறைவு. மானின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி ஏறத்தாழ எட்டு அங்குல வட்டம். மேசையில் சாய்க்காமல், காட்டில் நிற்கும் அல்லது அமரும் நிலையிலேயே, அந்த வட்டத்துக்குள் ஒவ்வொரு தோட்டாவையும் எவ்வளவு தொலைவு வரை இட முடிகிறதோ அதுதான் உங்கள் எல்லை. பலருக்கு முதல் பருவத்தில் அது நூறு கெஜத்தைத் தாண்டுவதில்லை.

முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், மான் பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும் சுடுங்கள். அதற்கப்பால் மண் மேடு இருக்கிறதா என்று பார்க்காமல் விசையைத் தொடாதீர்கள்: சிறிய .22 குண்டே ஒரு மைலுக்கு மேல் போகும், .243 குண்டு அதைவிட வெகுதூரம் போகும். மேட்டின் உச்சியில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் மான் எவ்வளவு அருகில் இருந்தாலும் அதை விட்டுவிட வேண்டும். பல மாநிலங்களில் வேட்டைப் பருவத்தில் ஒளிரும் ஆரஞ்சு நிற மேலாடை கட்டாயம். கட்டாயமில்லாத இடத்திலும் அணிந்துகொள்ளுங்கள்.

தோட்டா வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். புகழ்பெற்ற காலிபரைத் தேர்ந்தெடுப்பதன் பெரும் பயன், சிற்றூர்க் கடையிலும் அது கிடைக்கும் என்பதே. .243, .308, .30-06, .270, .223, 6.5 கிரீட்மோர் ஆகியவற்றுக்கு அந்த வசதி உண்டு. தாளில் எவ்வளவு சிறந்த புள்ளிவிவரம் காட்டினாலும், அரிய காலிபரை முதல் ரைஃபிளாக வாங்க வேண்டாம். பயிற்சிக்கு ஒரு பெட்டியும் வேட்டைக்கு ஒரு பெட்டியும் என்று வாங்காமல், ஒரே தயாரிப்பில் நான்கைந்து பெட்டிகளைச் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.

பணி முடிந்து ஊர் திரும்பும்போது ரைஃபிளை அங்கேயே, அம்மாநிலச் சட்டப்படி, உரிமம் பெற்ற கடையில் விற்றுவிடுங்கள். வேட்டைக்குக் கொண்டுபோன முதுகுப்பையையும் மேலாடையையும் பெட்டியில் அடுக்கும் முன் ஒவ்வொரு உள்ளறையையும் கவிழ்த்துப் பாருங்கள். பயன்படுத்தாத தோட்டா ஒன்று மடிப்பில் தங்கிவிட்டால், கெம்பேகௌடா விமான நிலையத்தில் ஊடுகதிர்க் கருவி அதைக் காட்டிவிடும். உரிமமின்றித் தோட்டா வைத்திருந்ததாக 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வழக்குப் பதிவாகக்கூடும். மறந்துபோய் வந்தது என்பதை நிரூபிக்க நீதிமன்றம்வரை அலைய நேரிடும். பையை உங்கள் கையால் ஒருமுறையும், வீட்டில் உள்ள இன்னொருவர் கையால் ஒருமுறையும் சோதித்த பிறகே விமான நிலையத்துக்குக் கிளம்புங்கள்.